வெட்டாத காய்

பேண்டேஜ் கம்பெனியில் சாப்பாட்டு வேளை. கல்பனா தயிர்சாதத்தைப் பிசைந்தபடி போனைத் திறந்தாள். அதிலிருந்த தாய ஆட்டத்தில் அவள் புருஷன் லக்ஷ்மணின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அவன் காய் மெல்ல நகர்ந்தது.

லக்ஷ்மண் பட்டாளத்துக்காரன். "மலை மேல டூட்டி. சிக்னலே கெடையாது. கீழ எறங்குனாத்தான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன். அப்படியானால் இங்கே தாயம் உருட்டுவது யார்?

"கம்ப்யூட்டரா இருக்கும்ட்டி" என்றாள் பக்கத்தில் துணி மடிக்கும் முனீஸ்வரி. "ஆளு இல்லேன்னா அதுவே ஆடும்."

கம்ப்யூட்டருக்கு ஈவிரக்கம் கிடையாது. கிடைத்த காயை வெட்டிவிடும். சோதித்துப் பார்க்கலாமென்று கல்பனா தன் காயை எதிராளிக் காயின் வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள். எதிராளிக்கு வெட்டுவதற்கு வேண்டிய எண் சரியாக விழுந்தது. ஆனால் அந்தக் காய் அசையவில்லை. எங்கோ பின்னால் கிடந்த வேறொரு காய் நகர்ந்தது.

"அப்ப உம் புருஷனேதான்."

"அவியளா? கல்யாண மாலையக் கழட்டுறதுக்கு முன்னாடியே என் காய வெட்டுனவிய!"

முனீஸ்வரியின் கை நின்றது. "ஏட்டி, ஒருக்கா வெட்டுனாத்தான நடுவீட்டுக்குள்ள போக முடியும்? எம்புட்டு நாளா இப்படி வெட்டாமச் சுத்துது?"

"ஒரு மாசமா. நான் பாக்காதப்ப நகந்திருக்கும்; ஆளு இருக்கதக் காட்டுற பச்சை வெளக்க இன்னிக்குத்தான் பாக்கேன்."

"நீயாச்சும் வெட்டி முடிச்சுவிடேன்."

"அவிய காயை எப்படிக்கா வெட்ட? கை வரலையே!"

"வீட்டுக்குள்ள வர முடியாம... வெளியவே..." என்று முனீஸ்வரி இழுத்து, பாதியில் வாயை மூடிக்கொண்டாள். கல்பனாவுக்குச் செத்தவர்களின் ஆவிதான் நினைவுக்கு வந்தது.

அந்த ஆட்டத்தில் எழுதிப் பேச வழியில்லை, பொம்மைப் படம்தான் அனுப்பலாம். ஒரு கேள்விக்குறியைத் தட்டிவிட்டாள். செத்த நேரத்தில் பதில் வந்தது. கும்பிட்ட கைகள். அதன் பின்னால் ஒரு அகல்விளக்கு.

"போயிட்டு வாரேங்காரோ?" என்றாள் முனீஸ்வரி. அது அவளுக்குத் தெரிந்த ஆறுதல்.

கல்பனா அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மாமியார் வீடு இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். மாமியார் கோதைநாயகியோடு சண்டைபோட்டு, இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று கிளம்பி வந்தவள் அவள். இன்றுவரை இருவருக்கும் பேச்சில்லை. ஆனாலும் இதை அவனைப் பெற்றவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? மடியில் போன் கிடந்தது. வழியெல்லாம் அந்தக் காய் வெளிக்கட்டத்தையே சுற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் காலெடுத்து வைக்கத் துணிவு வரவில்லை. நின்றபடியே தாயத்தைத் தட்டினாள். கையிலிருந்த போன் கடகடவென்றது. அடுத்த நொடி, வீட்டுக்குள்ளிருந்தும் அதே கடகடச் சத்தம்.

அலறிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

ஊஞ்சலில் கோதைநாயகி. மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் லக்ஷ்மண் விட்டுப்போன கீறல் விழுந்த பழைய போன். மருமகளைக் கண்டதும் அதை முந்தானைக்குள் திணித்தாள்.

"அத்தை, நீங்களா?" கல்பனாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "என் உசிரே போச்சு! என் காயை ஒருக்கா வெட்டித் தொலைச்சிருந்தா எப்பவோ ஜெயிச்சிருப்பீயளே!"

கோதைநாயகி சுவரைப் பார்த்துக்கொண்டாள். பேச்சில்லை என்றால் பேச்சில்லைதான்.

காப்பியோடு வந்த மாமனார் வரதராஜ்தான் பதில் சொன்னார்.

"நானும் தெனமும் அதத்தாம்மா சொல்லுதேன். 'நான் ஜெயிச்சா ஆட்டம் முடிஞ்சிரும், பொறவு அவ எங்கூட எதுக்கு ஆட வரப்போறா?'ங்கா."