இரவல் ஆரமும் வீட்டுக் கடனும்

வங்கியில் கடன் வாங்க வேண்டுமென்றால், கடனே தேவைப்படாதவரைப் போலப் போய் உட்கார வேண்டும். இதை எனக்கு யார் சொன்னார்கள் என்று ஞாபகமில்லை. (சொன்னவர் கையில் கிடைத்தால் இன்றைக்கும் விட மாட்டேன்.) தொண்ணூறுகளின் தொடக்கத்தில், முப்பத்தாறு வயதில், கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவியாக இருந்தபோது, இதை நம்பித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கி மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

முப்பத்தாறு வயதில் என்ன படிப்பு என்று கேட்பீர்கள். அப்போது ராஜபாளையமே கேட்டது. வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தறிகளுக்கு நடுவே வேலை பார்த்தேன். அங்கே கணக்கு எழுதும் இடம் காலியானபோது, "டிகிரி இருந்தா உனக்கே தரலாம்மா" என்று முதலாளி பேச்சுக்குச் சொன்னார். நான் அதைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பிளஸ் டூவைத் தனியாக எழுதித் தேறி, பி.காம். சேர்ந்துவிட்டேன். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி, மதியத்துக்கு மேல் ராஜபாளையத்தில் தறி. சம்பளம் பாதியாகிவிட்டது.

பஸ்ஸில் மாணவர் பாஸை நீட்டினால் கண்டக்டர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"பாஸு யாருக்கோ அவியதான் வரணும்மா."

"அவியதான் வந்திருக்காவ" என்பேன்.

இந்த லட்சணத்தில், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டு உரிமையாளர் வந்து நின்றார். "ஜைத்தூனு, ஒனக்கு வேணும்னா நீயே எடுத்துக்கோ. செத்த நாள் பொறுக்கேன். பொறவு வெளியாளுக்குத்தான்" என்றார். என் வீட்டுக்காரர் இறந்தபோது அவர் வேலை பார்த்த மில்லில் கொடுத்த பணம் அப்படியே இருந்தது. அது பாதி விலைக்கு வரும். மீதிப் பாதிக்குத்தான் வங்கி.

பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்காவிடம் நகை இரவல் கேட்டேன். அவர் கணவருக்குச் சொந்தமாகப் பஞ்சு மில் இருந்தது. எங்கள் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் அக்காவின் கழுத்துதான் முதலில் வந்து சேரும், பிறகுதான் அக்கா.

"ஏமி ஜைத்தூனு, பேங்குக்கு எதுக்கு நகை?" என்று தெலுங்கு கலந்து கேட்டுவிட்டு அக்கா வெகுநேரம் தயங்கினார். இரவல் கொடுப்பவர்கள் தயங்குவது சகஜம்தானே என்று நான் விடாமல் நின்றேன். கடைசியில் ஆரமும் நான்கு வளையல்களும் வந்தன. "போட்டுட்டுப் போ. ஆனா யாரு கையிலயும் கழட்டிக் குடுத்துறாத" என்றார்.

என் மகள் மும்தாஜ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மா, கடன் கேக்கப் போறியா, கடன் குடுக்கப் போறியா?"

பதினேழு வயதுப் பெண்ணுக்கு உலகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேனேஜர் வெளியூர்க்காரர். ஆரம் நன்றாகத் தெரியட்டும் என்று முக்காட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தேன்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பேண்டேஜ் கம்பெனியில அரை நாள் சார்."

"மீதி அரை நாள்?"

"காலேஜ்."

"காலேஜ்ல என்ன வேலை?"

"வேலை இல்ல சார். படிக்கேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "ஸ்டூடண்ட்டுன்னா கார்டியன் கையெழுத்து வேணுமேம்மா!" என்று சொல்லிச் சிரித்தார். மேனேஜர் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று விதி இருக்கும்போல. கேஷியர் வரை சிரித்தார்கள். அப்போதுதான் மேனேஜரின் கண் ஆரத்தில் விழுந்தது.

"எதுக்கும்மா வீட்டுக் கடனுக்கு அலையறீங்க? கழுத்துலயே பாதி வீடு தொங்குதே! நகைக் கடனா வாங்கிக்குங்க. அரை மணி நேரத்துல பணம்."

நான் வாயைத் திறப்பதற்குள் மணியை அடித்துவிட்டார். உரைகல்லோடு நகை மதிப்பீட்டாளர் வந்து நின்றார்.

கழற்ற மாட்டேன் என்றேன். ஏன் என்றார்கள். கொக்கி சிக்கிவிட்டது என்றேன். எடுத்து விடுகிறோம் என்றார்கள். கடைசி மூச்சில் என் மாமியார் போட்டுவிட்டது, கழற்றக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார் என்றேன். (மாமியார் அப்போது சேத்தூரில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருந்தார்.) "கழட்ட வேண்டாம்மா, போட்டபடியே பாத்துருவோம்" என்று மதிப்பீட்டாளர் என் கையை மேசைமேல் வைத்து வளையலை உரசினார். கல்லில் ஒரு சொட்டு திராவகம் விட்டார். முகம் மாறியது. ஆரத்தின் ஓரத்தையும் உரசினார்.

"சார், அம்புட்டும் கவரிங்கு."

"போலி நகையைக் காட்டி பேங்கை ஏமாத்த வந்தீங்களா? போலீஸைக் கூப்பிடவா?" என்று மேனேஜர் எழுந்துவிட்டார்.

சுப்பம்மா அக்கா ஏன் அவ்வளவு தயங்கினார் என்று அந்த நாற்காலியில்தான் புரிந்தது. "இது என் நகை இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பிக்கலாம். ஆனால் யாருடையது என்று கேட்பார்கள். நான் ராஜபாளையம் போய் இறங்குவதற்கு முன்பே அந்தப் பெயர் போய் இறங்கிவிடும். அக்காவின் பெயர் என் வாயிலிருந்து வராது என்று முடிவு செய்ததும், எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. என் தொண்டையோ தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது.

"சார், நகைக் கடன் கேட்டது நானா, நீங்களா?"

மேனேஜர் மதிப்பீட்டாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் கேட்டது வீட்டுக் கடன். வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல நீங்கதான ஆளக் கூப்பிட்டு உரசினீய? கவரிங் போடுறது எந்தச் சட்டத்துல குத்தம்? கழுத்துல கெடக்குறது போலிதான். நான் பாக்குற வேலை போலியா? வாங்குற மார்க்கு போலியா? ஒரு மாசம் தவறாம வாடகை குடுத்தேனே, அது போலியா? அதையெல்லாம் உரசிப் பாருங்க!"

பணம் கட்ட வந்தவர்கள் வரிசையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். "முதல்ல வெளில போங்கம்மா" என்றார் மேனேஜர். போனேன். வாசலில் என் வகுப்புப் பையன்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, யாருக்குக் கல்யாணம்?" என்றான் ஒருவன்.

சாயங்காலம் நகையைத் திருப்பிக் கொடுத்தேன். "யாரும் பாத்தாவளா?" என்றார் அக்கா. "பாத்த எல்லாரும் அசந்துட்டாவ" என்றேன். (பொய் இல்லையே.) அக்கா வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உரசிய தடத்தில் விரல் நின்றது. நகையை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை அவரே வந்தார். "அசல் எல்லாம் மில்லுக் கடனோட போச்சு, ஜைத்தூனு. நீ அங்க எம் பேரச் சொன்னியா?"

"சொல்லல."

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "வீடு மட்டும் எம் பேர்ல இருக்கு. அது கவரிங் இல்ல. ஜாமீன் கேட்டா நான் வாரேன்."

அதன் பிறகு கல்லூரி விட்டதும் நேரே வங்கிதான். மூளிக் கழுத்தும் கையில் புத்தகமுமாகப் போவேன். என்னைக் கண்டதும் மேனேஜர் காப்பி குடிக்கக் கிளம்பிவிடுவார். அவர் திரும்பும்வரை பெஞ்சில் உட்கார்ந்து படிப்பேன். கம்பெனிச் சட்டம் முழுவதையும் அங்கேதான் படித்து முடித்தேன். அந்தப் பாடத்தில்தான் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கினேன். ஒருநாள் அவர் களைத்துப்போய், "சரிம்மா, போய்க் கார்டியனைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அதைக் கேலியாகச் சொன்னாரா என்று நான் ஆராயவில்லை. மறுநாளே சுப்பம்மா அக்காவை எதிரில் உட்கார வைத்து, "கார்டியன் வந்திருக்காவ சார்" என்றேன்.

கேட்டதைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். துண்டு விழுந்ததற்கு லீவு நாளெல்லாம் தறியில் நின்றேன். வீடு என் பெயருக்கு வந்தது. அடுத்த ஆண்டு பட்டமும் வந்தது. கம்பெனியில் கணக்கு எழுதும் நாற்காலியைக் கேட்டே வாங்கினேன்.

சில வருடம் கழித்து மும்தாஜைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்கு எம்புட்டுப் போடுவீய?" என்று கேட்டார்கள். நான் பதில் யோசிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "எங்கம்மா பேருக்குப் பின்னாடி பட்டம்தான் போடுவாவ. கழுத்துல போட மாட்டாவ."

அந்தச் சம்பந்தம் அத்தோடு போனது. இதைக் கேள்விப்பட்டுச் சிரித்துவிட்டு இன்னொருவர் வந்தார். அவர்தான் மருமகன். ஒவ்வொரு பெருநாளுக்கும் பிரியாணி முடிந்ததும் அவர் தவறாமல் கேட்பார், "மாமி, மாப்பிள்ளைக்கு இன்னும் ஒண்ணும் போடலியே?"

பொறுத்துப் பார்த்து, ஒரு பெருநாளன்று அஞ்சல் வழி எம்.காம். விண்ணப்பத்தை அவர் கையில் கொடுத்தேன். மனிதருக்கு இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி இருக்கிறது.