எண்ணெய்க் கையும் இலவச வைஃபையும்

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர்களை எட்ட நின்றே நம்புங்கள். நானும் அந்த இனம்தான். சென்னையில் என் அலுவலகத்தில், வெளியூர் போகும் ஊழியர்களுக்குப் பொது வைஃபையில் எப்படி உஷாராக இருப்பது என்று வகுப்பு எடுப்பதே நான்தான். "பாஸ்வேர்டு இல்லாத வைஃபை, தாழ்ப்பாள் இல்லாத குளியலறை!" என்று நான் கணீரென்று சொன்னால் பின்வரிசைகூடத் தூக்கம் கலைந்து நிமிரும். (வீட்டிலும் அடிக்கடி சொல்வேன். அங்கே யாரும் நிமிர்ந்ததில்லை.)

கல்யாணமான புதிதில், சாரல் சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் போனோம். மாமியாருக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் தென்காசி. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். அவருடைய நெல்லைப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிடிக்கும் என்றால், அப்படியே பேசிக் காட்டுவேன். அன்றன்றைய சமையலறைச் சம்பவங்களை அத்தையின் குரலில் நடித்து, சென்னையிலிருக்கும் என் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது என் ரகசியப் பொழுதுபோக்கு. வெளியே தெரிந்தால் புகுந்த வீட்டில் என் கதி என்ன ஆகும் என்பதை மட்டும் நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

அன்று மத்தியானமே லாட்ஜ் இருட்டிக் கிடந்தது. மலையிலிருந்து இறங்கிய மேகம் தாழ்வாரம்வரை வந்துவிட்டது. மாமனாரும் என் கணவரும் எண்ணெய்க் குளியலுக்குப் போயிருந்தார்கள். அத்தையும் நானும் அறையிலேயே உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டோம். ஊறியதும் ஐந்தருவிக்குப் போவதாகத் திட்டம்.

"நல்லா ஊறட்டும்ட்டி. நான் கீழ ஹால்ல இருக்கேன்" என்று, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அத்தை இறங்கிப் போனார். மற்ற அறைக்காரர்கள் எல்லோரும் அருவிக்குப் போயிருந்தார்கள். ரிசப்ஷன்காரரும் சாப்பிடப் போய்விட்டார். கட்டடத்தில் ஆள் அரவமே இல்லை.

போனில் சிக்னல் இல்லை. லாட்ஜின் இலவச வைஃபை மட்டும் பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் வா வா என்றது. எண்ணெய் விரலை போனுக்கே அடையாளம் தெரியவில்லை. (அதுவாவது உஷாராக இருந்தது.) ரகசிய எண்ணைப் போட்டுத் திறந்து வைஃபையில் இணைந்தேன். 'அருகிலுள்ள சாதனத்துடன் இணைக்கவா?' என்று ஏதோ கேட்டது. வழுக்கிய கட்டைவிரல் 'சரி' என்றது. என்ன சாதனம் என்று நான் கேட்கவில்லை.

அத்தை தினமும் ஒரு தடவையாவது சொல்லும் வசனத்தை, அவர் மூச்சு வாங்கும் இடம்கூடத் தப்பாமல் நடித்து அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு நானே கேட்டு ரசிக்கலாமென்று அமுக்கினேன். சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரில் எண்ணெய் இறங்கிவிட்டது போலும் என்று துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினேன்.

கீழேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. "ஏட்டி, நான் போன பொறவுல்லா தெரியும் என் அரும!"

யாரிடம் பேசுகிறார்? காதைத் தீட்டினேன். அமைதி. போனை இன்னொரு தடவை அமுக்கினேன். கீழே அதே வார்த்தைகள், அதே இழுவை, அதே இடத்தில் மூச்சு. எந்த மனுஷியும் ஒரு வாக்கியத்தை இப்படி அச்சுப் பிசகாமல் திரும்பச் சொல்ல மாட்டாள்.

படியிறங்கினேன். ஹாலில் விளக்கில்லை. சுவரிலிருந்த பெரிய டிவி மட்டும் வெளிறிய வெளிச்சம் காட்டியது. அதன் முன்னால், எண்ணெய் மினுங்கும் முகத்தோடு, உதடுகளை இறுக மூடிக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார். பதற்றத்தில் என் விரல் போனில் எங்கோ பட்டது. அத்தையின் வாய் மூடியிருக்க, அத்தையின் குரல் ஹால் முழுக்க எழுந்தது. "ஏட்டி, நான் போன பொறவுல்லா..."

டிவி திரையில் அக்காவின் பெயரும் நான் அனுப்பியவையும் வரிசையாகத் தெரிந்தன. என் கட்டைவிரல் 'சரி' சொன்ன சாதனம் இதுதான். கண்ணாடி இல்லாத அத்தைக்கு அது வெறும் வெளிச்சம். வைஃபையை அணைத்தேன். டிவி கறுத்தது. தப்பித்தோமடா என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன்.

"கேட்டியாட்டி?" அத்தை கிசுகிசுத்தார். "என் குரலுல்லா அது."

"ஏதோ டிவியில அத்தை..."

"எங்க அம்மை சாகுததுக்கு முந்தின வாரம், தன் குரல்லயே யாரோ தன்னக் கூப்பிடுதாங்கன்னு சொன்னா. நாங்க சிரிச்சோம்." என் கையைப் பிடித்தார். "நான் அருவிக்கு வரல. எம் மவனக் கூப்பிடு, ஒரு தடவ பாத்துக்கிடுதேன். பொறவு, நான் போயிட்டா அவனுக்கு ரசம் மட்டும் நீ வைக்காத. ஓட்டல்ல வாங்கிக் குடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் தப்பித்துவிடலாம். ஆனால் இந்த மனுஷி இனி ஒவ்வொரு நாளும் சாவை எதிர்பார்த்துக்கொண்டே படுப்பார். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

"அத்தை, அது நான்தான்."

"என்னத் தேத்தாத."

வேறு வழியில்லை. அவர் எதிரில் நின்று, அவர் குரலிலேயே முழு வசனத்தையும் பேசிக் காட்டினேன். அதைவிடக் கேவலமான மேடை எனக்கு இனி அமையாது.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, அருவிக்குக் கெளம்பு" என்றார். வழி நெடுக முகத்தை வெளிப்பக்கமே திருப்பிக்கொண்டு வந்தார்.

ஐந்தருவியில் தண்ணீர் தலையில் அறைந்தது. இன்றோடு நம் கதை முடிந்தது என்று கண்ணை மூடி நின்றேன். அப்போது காதோரம் என் குரல் கேட்டது. சந்தேகமே இல்லை, என்னுடைய கொஞ்சல் சென்னைக் குரல்தான். "அத்தை, ரசம் நல்லா இருக்கா அத்தை?"

திடுக்கிட்டுத் திரும்பினேன். அத்தை வாயை இறுக மூடிக்கொண்டு பாறையைப் பார்த்தபடி குளித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாள் பழகியிருந்தாரோ, யாருக்கெல்லாம் பேசிக் காட்டியிருந்தாரோ, இன்றுவரை நான் கேட்கவில்லை.

அதன்பிறகு 'நான் போன பொறவு' வசனத்தை அத்தை சொல்வதே இல்லை. விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் ஆசையாகக் கேட்டால், "அவகிட்ட கேளுங்க, அவதான் நல்லா சொல்லுதா" என்று என்னைக் கை காட்டிவிடுவார்.

பதிலுக்கு என் வசனத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஏதாவது ரயில் நிலையத்தில் இலவச வைஃபையைப் பார்த்து நான் போனை எடுத்தால் போதும். பின்னாலிருந்து என் குரல் கணீரென்று வரும். "பாஸ்வேர்டு இல்லாத வைஃபை, தாழ்ப்பாள் இல்லாத குளியலறை!"

"தெரியும், எத்தன தடவ சொல்லுவ?" என்று என் கணவர் என்னிடம் எரிந்து விழுவார். நான் வாயையே திறந்திருக்க மாட்டேன்.