நான் நட்ட மிதிவெடிகள்

பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய ஒரே பரிசு மிதிவெடி விழிப்புணர்வுச் சித்திரப் போட்டியில் கிடைத்தது. சிவப்புப் பலகை, அதில் மண்டையோடு, பக்கத்தில் பயந்து நிற்கும் ஒரு மாடு. (மாட்டைப் பலர் நாய் என்றார்கள், அது வேறு கதை.) இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசியில், இந்தப் பெட்டைக்கு இதுகூடத் தெரியாதோ என்று கேட்பீர்கள். தெரியும். பரிசு வாங்குமளவுக்குத் தெரியும்.

படிப்பு முடித்த கையோடு எனக்கு முதல் வேலை கிடைத்தது. கொண்டச்சிப் பக்கத்து மேய்ச்சல் தரைகளில் ஆதிமனிதர் விட்டுப்போன கற்கருவிகளைத் தேடிப் பதியும் குழு ஒன்றில் உதவியாளர். எல்லோரும் வரிசையாக, நிலத்தைப் பார்த்தபடி நடக்கவேண்டும். மனிதக் கை செதுக்கிய கற்சில்லு கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்ன மஞ்சள் கொடியைக் குத்தவேண்டும். பிறகு ஒவ்வொரு கொடியாகப் போய் அளந்து, படமெடுத்து, வரைபடத்தில் ஏற்றவேண்டும். ஒழுங்காகச் செய்தால் வேலையை நிரந்தரமாக்கலாம் என்று குழுத் தலைவி சொல்லியிருந்தார். எங்கள் ஊர் பேசாலையில் என் அம்மா அதற்குள் நிரந்தரமாகிவிட்டது என்றே ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

ஆர்வக் கோளாறில் கண்டதற்கெல்லாம் கொடி குத்தினேன். உடைந்த ஓட்டுத் துண்டுக்குக் குத்தினேன். காய்ந்த ஆட்டுப் புழுக்கைக்கும் ஒருமுறை குத்தினேன். இரண்டாம் நாளே கொடிகள் தீர்ந்துவிட்டன. என் பொறுப்பில் இருந்த குளத்தடியிலோ நிசமாகவே நல்ல பளிங்குக் கற்சில்லுகள் கொட்டிக் கிடந்தன. புதுக் கொடி வரும்வரை பொறு என்றார் தலைவி. பொறுக்கிற ஆளா நான்? மாதா கோயில் திருநாளுக்கு அம்மா சரிகை வைத்துத் தோரணம் தைத்ததில் மிஞ்சிய சிவப்புத் துணி வீட்டில் கிடந்தது. அதைக் கிழித்துக் குச்சிகளில் கட்டி, மறுநாள் பின்னேரம் குளத்தடி முழுக்க நட்டுவிட்டு, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீடு போனேன்.

அடுத்த நாள் காலை மற்றவர்கள் பற்றைப் புதருக்கு அப்பால் வாகனத்தடியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் முந்திக்கொண்டு கொடிகளுக்கு நடுவே போய், ஒரு சில்லைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததை நோக்கிக் காலைத் தூக்கினேன்.

"பிள்ளை, அசையாதை. அது மிதிவெடிக் காணி."

துணி நட்ட எல்லையில் ஒரு பெண் தன் மாடுகளோடு நின்றார். அவர் செல்வராணி அக்கா, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிவந்து மாடு வளர்ப்பவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தவை.

நேற்று நான்தானே இந்தக் கொடிகளை நட்டேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போர் நடந்த எங்கள் பக்கத்தில் மிதிவெடி என்ற சொல்லை யாரும் பகிடிக்குச் சொல்வதில்லை. ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார் என்றால் நேற்று நான் போனபிறகு எதையோ கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று என் மூளை முடிவு செய்துவிட்டது. அவர் என் கொடிகளைப் பார்த்துப் பயந்தார். நான் அவருடைய பயத்தைப் பார்த்துப் பயந்தேன். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. கொக்குகூட இடையிடையே கால் மாற்றும். நான் மாற்றவில்லை. தெரிந்த செபங்களையெல்லாம் சொல்லி முடித்து, சாப்பாட்டுக்கு முன் சொல்லும் செபத்துக்கும் வந்துவிட்டேன்.

அக்கா செருப்பைக் கழற்றினார். காய்ந்த மண்ணில் மாட்டுக் குளம்பு பதிந்த பழைய தடங்களைத் தேடித் தேடி, ஒவ்வொன்றிலும் நுனிக்காலை வைத்து என்னிடம் வந்து சேர்ந்தார். என் கையைப் பிடித்தார். அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"மாடு மிதிச்ச இடத்தில காலை வை. வேற எங்கையும் வையாதை."

வைத்தேன். வெளியே வந்ததும் அவர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். சிவப்புக் கொடி கட்டிக் கிடப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டார். நேற்றுப் பின்னேரம் அதைக் கண்டதிலிருந்து மாடுகளைக் குளத்துக்கு விடவில்லையாம். அவற்றில் ஒன்று கன்று ஈன இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கிட்ட நின்ற துணியின் ஓரத்தில் அம்மா தைத்த தங்கச் சரிகை மினுங்கியது.

"அக்கா, உது நான் நட்டனான்."

நான் கையை விரித்து அந்தச் சில்லைக் காட்டி, ஆதிமனிதர், கற்கருவி, பல ஆயிரம் ஆண்டு என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அக்கா சில்லை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இதுக்கே?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாடுகள் எங்கள் பேச்சு முடியும்வரை காத்திருக்கவில்லை. கொடிகளையும் ஆதிமனிதரையும் மிதித்துக்கொண்டு குளத்துக்கு ஓடின. ஒன்றின் வாயில் சிவப்புத் துணி தொங்கியது.

மிதிவெடி என்று நினைத்துக்கொண்டு ஏன் உள்ளே வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் மாடுகள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ நடுவில நிண்டாய். வேற ஆர் வாறது?"

(பகிடி எழுத வந்த இடத்தில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அழுதேன்.)

தலைவி என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஊரில் வீடு வீடாகப் போய், அது மிதிவெடியில்லை, என்னுடைய மடத்தனம் என்று நானே சொல்லவேண்டும் என்றார். சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்காரக் கதிரை போட்டு, தேத்தண்ணீர் தந்து, திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார்கள். குளத்தடிப் பதிவில் "கால்நடைகளால் குழம்பியது" என்ற வரி இன்றும் என் கையெழுத்தில் இருக்கிறது. எந்த விலங்கால் என்று எழுத அதில் இடமில்லை.

என் கல்யாணத்துக்கு அக்காவை முதல் ஆளாகக் கூப்பிட்டேன். கோயிலுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையை மாற்றி, சிவப்புக் கூறைச் சேலையோடு மண்டப வாசலுக்கு வந்தபோது அத்தனை சனத்தையும் பார்த்துக் கால் வராமல் நின்றுவிட்டேன். "பிள்ளை, அசையாதை" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். அம்மா முன்பே எல்லோருக்கும் கதையைச் சொல்லி வைத்திருந்ததால் மண்டபமே சிரித்தது. அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளையைக் காட்டி, மாடு மிதித்த இடத்தில் காலை வை என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் கணவருக்கு மாடு என்றுதான் பெயர். அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

மண்டபத்தில் அக்கா பிடித்தபோது நடுங்கியது என் கை மட்டும்தான்.