எட்டு மார்க் ஆட்டுக்கறி

கல்யாணப் பந்தியில் கறியைக் குறை சொல்வதற்கென்றே பிறந்த குடும்பங்கள் சில உண்டு. அவற்றுக்கெல்லாம் தலைமை அலுவலகம் எங்கள் வீடு. தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்த பெரியப்பா, ஒரு துண்டை மென்றதுமே ஆட்டின் வயதைச் சொல்லிவிடுவார். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருக்கும் ஸ்டெல்லா அத்தை ஒரு வாய் பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சமையல்காரரின் பரம்பரையையே விசாரணைக்கு இழுப்பாள். இப்படிப்பட்ட நாக்குகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வெளியில் ஏன் ஆள் தேட வேண்டும் என்று நான் நினைத்தேன். (அன்றைக்கு யாராவது என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்திருக்கலாம்.)

அப்போது நான் பெங்களூரில் ஒரு கால்நடைக் காலேஜில் ஆட்டிறைச்சி பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். குட்டிகளில் பாதிக்கு வழக்கமான ராகித் தாளும் தவிடும் தீனி. மீதிப் பாதிக்கு அதோடு மல்பெரி இலையும் உண்டு. இலை தின்ற ஆட்டின் கறி மெத்தென்று, ருசியாக இருக்குமா என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. மாதக்கணக்கில் தீனியை எடைபோட்டு, புழுக்கை அள்ளி, நல்ல துப்பட்டா ஒன்றையும் ஆட்டுக்குப் பறிகொடுத்து, கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டேன். ருசிச் சோதனை ஒன்றுதான் பாக்கி. ஃப்ரீசரில் இருந்த கறியும் அந்த ஒரு சோதனைக்குத்தான் காணும். அது சொதப்பினால் மறுபடியும் குட்டி வாங்கி, வளர்த்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் கைடு கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்க வேண்டாம்மா. வீட்டுல கறி சாப்பிடற சாதாரண ஜனங்கள கூட்டிட்டு வா. ஆனா உள்ளத உள்ளபடி சொல்லணும்" என்றார்.

"சார், எங்க வீட்ல அத மட்டும்தான் சொல்வாங்க. அதனாலயே பாதி சொந்தம் எங்களோட பேசறதில்ல" என்றேன் பெருமையாக.

சோதனை நாளன்று காலேஜ் வாசலில் வேன் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்புவது போல எல்லோரும் இறங்கினார்கள். அம்மா பட்டுப்புடவை, பெரியப்பா கோட்டு, அத்தை கழுத்தில் இருக்கிற நகையெல்லாம். பிள்ளை ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்பது அவர்கள் காதில் பிள்ளை விருந்து வைக்கிறாள் என்று விழுந்திருக்கிறது போலும்.

நான் விதிகளை விளக்கினேன். பக்கத்து ஆளைப் பார்க்க முடியாதபடி ஆளுக்கு ஒரு தடுப்பு. தட்டில் மூன்று துண்டு, வெறுமனே வேகவைத்தது. மசாலா கிடையாது. ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே வாய் கொப்பளிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரை மார்க். யாரும் யாரோடும் பேசக் கூடாது. நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. முதல் இரண்டும் என் ஆடுகள். மூன்றாவது, ஃப்ரீசரில் வெகுநாள் கிடந்து கொழுப்பு காறிப்போன கறி. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, ஆனால் பழைய எண்ணெய்ச் சட்டி வாடை அடிக்கும். சாப்பிடுகிறவர்கள் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லையே என்று பார்ப்பதற்காகக் கைடே சேர்க்கச் சொன்னது.

கறியைச் சூடாகப் பரிமாற வேண்டும் என்பது முக்கியம். தட்டுகள் போய்ச் சேர்ந்ததும் பெரியப்பா எழுந்து நின்றார். "ஸ்தோத்திரம் பண்ணாம எப்டி சாப்புடறது?" என்று கண்ணை மூடினார். தடுப்புகளுக்குள் எல்லோரும் எழுந்தார்கள். கைடும் எழுந்தார், பாவம். பெரியப்பா ஆடுகளுக்காக ஜெபித்தார், மல்பெரிச் செடிகளுக்காக ஜெபித்தார், என் படிப்புக்காக, கைடின் குடும்பத்துக்காக, ஓசூர் ரோட்டு டிராபிக்குக்காகவும் ஜெபித்தார். ஆமென் சொன்னபோது கறி ஜில்லிட்டிருந்தது. தட்டுகளை வாங்கி மறுபடி சூடாக்கினேன்.

பிறகு சோதனை தொடங்கியது. "இன்னா பாப்பா, உப்பே இல்ல?" என்று ஒரு தடுப்பிலிருந்து குரல் வந்தது. அத்தையின் கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் வாசனை வந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "தொட்டுக்கினா இன்னாடி? உங்க சாருக்கும் குடுக்கலாம்னு எட்தாந்தேன்" என்றாள். மூன்றாவது துண்டுக்கு வந்தபோது பெரியப்பாவின் முகம் ஒரு கணம் கோணியதைப் பார்த்தேன். எனக்குள் சந்தோஷம் பொங்கியது. ஆகா, சோதனை வேலை செய்கிறது!

கைடு மார்க்குகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஏனம்மா இது?" என்றார். 'என்னம்மா இது' என்பதைக் கன்னடத்தில் கேட்கிற அளவுக்கு அதிர்ச்சி.

எல்லோரும், எல்லாத் துண்டுக்கும், எட்டு. காறிப்போனதற்கும் எட்டு. அம்மா மட்டும் அதற்கு ஒன்பது போட்டிருந்தாள்.

எல்லோரும் காத்திருந்த வராந்தாவுக்கு ஓடினேன். "அந்த மூணாவது துண்டு நல்லாவா இருந்துது?"

"கண்றாவி" என்றார் பெரியப்பா. "தொண்டையில எறங்கல. தண்ணி குட்ச்சி முழுங்கினேன்."

"அப்புறம் ஏன் எட்டு?"

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டி, ஊரான் ஆக்கினா ஊரறிய திட்டலாம். நம்ம புள்ள ஆக்கினத, அதுவும் உங்க சார் எதுக்கால, நல்லால்லன்னு எழ்தி குட்க்க சொல்றியா? நாங்க இன்னா அவ்ளோ கல்நெஞ்சா?"

"நான் ஒண்ணு சேத்து போட்டேன் பாப்பா. பாஸ் ஆயிடுவ இல்ல?" என்றாள் அம்மா.

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. அவர்கள்மேல் இருந்த ஆத்திரத்தையும் பாசத்தையும் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். சோதனை செல்லாது என்று கைடு சொல்லிவிட்டார். மறுபடியும் குட்டிகள், ராகித் தாள், புழுக்கை. இன்னொரு துப்பட்டாவும் போயிற்று.

இரண்டாவது தடவை முன்பின் தெரியாதவர்களைக் கூட்டி வந்தேன். ஒருவர் மல்பெரி ஆட்டைப் புகழ்ந்தார், இன்னொருவர் திட்டினார், காறிய துண்டை எல்லோரும் துப்பினார்கள். அவர்கள் துப்பத் துப்ப எனக்கு வயிறு குளிர்ந்தது. பட்டமும் கிடைத்தது.

அதைக் கொண்டாட அத்தை வீட்டில் விருந்து வைத்தாள். கைடும் வந்திருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் பெருமையைப் பேசிக்கொண்டே அத்தை கறிக்குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். முதல் வாயிலேயே எல்லோரும் வெறும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்கள். அத்தை கரண்டியும் கையுமாகக் கைடின் பக்கத்தில் வந்து நின்றாள். "எப்டி சார் இருக்குது?"

கைடு மென்றார். ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். அத்தையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டு மேடம்" என்றார்.

அத்தை கரண்டியை இடுப்பில் ஊன்றினாள். "அது நாயம். இதே மாதிரி அன்னிக்கி எங்க மார்க்கயும் ஒத்துக்கினு இருந்தா, எங்க புள்ள இன்னோர் தபா ஆடு மேச்சிருக்க வேணாமே சார்!"

இன்றும் எங்கள் வீட்டில் குழம்பு அடிபிடித்தால் யாராவது "எட்டு" என்பார்கள். என் சமையலைச் சாப்பிட்டு என் கணவர் அப்படிச் சொல்லும்போது, நான் எழுந்துபோய் உப்பு டப்பாவைப் பார்க்கிறேன்.