சிவப்புச் சட்டைக்கு ஒரு நீலப் பெட்டி

இந்த மார்கழி முடிவதற்குள் யாருக்கும் தெரியாமல் பெரிய மனிதனாகிவிடுவது என்று பசியாவரத்துத் தேசப்பன் முடிவு செய்தான். ‘யாருக்கும்’ என்று அவன் நினைத்தது ஒரே ஒருத்தியைத்தான். அவன் பெண்டாட்டி லோகநாயகி. உலகத்துக்கே நாயகி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள், அந்த உலகத்தில் தேசப்பனும் அடக்கம் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் அவனிடம் சொல்லவில்லை.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்கள் என்கிற டச்சுக்காரர்களின் கொடி பறந்த காலம் அது. தேசப்பனின் குடிசையிலிருந்து பார்த்தால் ஏரிக்கு அக்கரையில் கோட்டை தெரியும். கோட்டைக்கு முன்னால் படகுத்துறை தெரியும். துறையில் ஒரு குடை. குடைக்குக் கீழே சிவப்புச் சட்டையும் பித்தளைப் பொத்தானுமாக ஓர் ஆள். கோட்டைப் படகுகளுக்கு அவர்தான் தண்டல், படகோட்டிகளுக்கெல்லாம் தலைவர். அவருடைய முக்கியமான வேலை உட்காருவது. மற்றவர்கள் துடுப்புப் போடுவதை உட்கார்ந்தபடியே பார்ப்பது. அந்த வேலைக்குத் தான் பிறவியிலேயே தகுதி பெற்றிருப்பதாகத் தேசப்பன் நம்பினான்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஐப்பசி மழையில் முகத்துவாரத்துக்கு இறாலுக்குப் போனபோது அலை அவன் தோணியைப் பாதி கவிழ்த்துவிட்டது. தோணியைப் பிடித்துக்கொண்டு கரை வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து வாடைக்காற்று வீசினாலே முகத்துவாரத்துக்குப் போகாமலிருக்க ஒரு சாக்குத் தேடினான். பயம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் வீட்டில் அதைச் சொல்ல முடியுமா? "ஒரு அலைதான? சும்மா ஊதித் தள்ளிட்டேன்" என்று சொல்லி வைத்திருந்தான். நனைந்த துணியைப் பிழிந்து காயப்போட்ட லோகநாயகி அப்போது ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் கவனிக்க வேண்டும். தேசப்பன் கவனிக்கவில்லை.

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு ராஜவேலு வந்தான். லோகநாயகியின் தம்பி. கோட்டைச் சமையல்கட்டில் வேலை. கையில் ஒரு கட்டு நீலக் காகிதம். கப்பலில் வரும் சர்க்கரைக் கூம்புகளைச் சுற்றி வருமே, அந்தக் கெட்டிக் காகிதம்.

"மாமா, ஒரு ரகசியம். அக்கா காதுல வுயக்கூடாது."

"சொல்லு மச்சான். நான் கெணறு மாதிரி."

"தண்டல் கெழவரு ஊருக்குப் போறாராம். கோட்டைக்காரங்க பண்டிகை வருதில்ல, கிறிஸ்மஸு? அன்னிக்குத் துரைசானிக்கு யாரு சோக்கா காகிதத்துல பெட்டி செஞ்சி குடுக்கறாங்களோ, அவங்களுக்குச் சிவப்புச் சட்டையாம்."

"காகிதத்துல பெட்டியா? அவங்க ஊர்ல மரம் கெடையாதா?"

"அது அவங்க வயக்கம் மாமா. பண்டிகைக்கு எத்தக் குடுத்தாலும் பெட்டியில போட்டுத்தான் குடுப்பாங்க. கோட்டைக்குப்பத்து செங்கல்வராயன் ஏற்கெனவே ஆரம்பிச்சிட்டானாம்."

செங்கல்வராயன் பெயரைக் கேட்டதும் தேசப்பன் இரண்டு கையாலும் காகிதத்தை வாங்கிக்கொண்டான். பெண்டாட்டியின் தம்பி, பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு ரகசியத்தை ஏரி தாண்டிக் கொண்டுவந்து கொடுக்கிறானே என்று ஒரு விநாடி யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்டிருந்த பழைய தோணியின் மறைவில் பெட்டித் தொழிற்சாலை ஆரம்பமானது. முதல் பெட்டி காலையில் நிமிர்ந்து நின்றது. மத்தியானம் குனிந்தது. ஏரிக்காற்றின் ஈரம் பட்டுச் சாயங்காலம் படுத்தே விட்டது. தேசப்பன் யோசித்தான். ஈரத்தில் நூல் இற்றுப்போகாமலிருக்க வலைக்கு என்ன செய்கிறோம்? மரப்பட்டையைக் கொதிக்கவைத்த சாயத்தில் முக்கி எடுக்கிறோம். வலைக்கு ஒரு நியாயம், பெட்டிக்கு ஒரு நியாயமா? இரண்டாவது பெட்டியைச் சாயப் பானையில் முக்கினான். முக்கினானே தவிர எடுக்கவில்லை. எடுப்பதற்கு அங்கே பெட்டி இல்லை. பானையில் நீலமாக ஏதோ கூழ் மிதந்தது.

அப்போதுதான் அடுப்படியில் ஒரு சட்டி நிறையப் புளியங்கொட்டைப் பசை இருப்பதைப் பார்த்தான். அதை எடுத்துக் காகிதத்தின் இரண்டு பக்கமும் பூசி, வெயிலில் காயவைத்து மடித்தான். பெட்டி பலகை மாதிரி நின்றது. தட்டினால் டொக் என்றது. தேசப்பனுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது.

மறுநாள் சட்டியைப் பார்த்தான். மறுபடியும் நிறைந்திருந்தது.

"இன்னாமே, எதுக்கு இவ்ளோ பசை?"

"பானை விரிசலுக்குப் பூசறதுக்கு. எலி வேற தின்னுது. தினம் கிண்ட வேண்டிதா கீது."

அந்த எலிக்குத் தேசப்பன் மனதுக்குள் நன்றி சொன்னான்.

அளவுக்கு அவன் தனியாக ஒன்றும் தேடவில்லை. வலை பின்னும்போது கண்ணுக்குக் கண் அளவு பிசகாமலிருக்க ஒரு மூங்கில் சிம்பு வைத்திருப்பார்களே, அதுதான் அளவுகோல். நீளத்துக்கு நான்கு சிம்பு, அகலத்துக்கு மூன்று. எத்தனை பெட்டி செய்தாலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மூடியைக் கயிற்றால் கட்டி ஒரு முடிச்சு. அவன் அப்பன் காலத்திலிருந்து போட்டுவரும் வலை முடிச்சு.

ஒருநாள் லோகநாயகி திடீரென்று பின்பக்கம் வந்துவிட்டாள்.

"இன்னாயா அது கையில?"

"இதா? இது வந்து... ராஜவேலுது. பாத்து வெச்சிக்கச் சொன்னான்."

"அவன் செஞ்சதா?" அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூடி ஒரு பக்கம் தூக்கினு கீதே."

"எங்க தூக்கினு கீது?"

"மூலையும் கோணல். தூங்கினே செஞ்சானா?"

"அது ஒண்ணும் தூங்கினு செய்யல!"

"ஒனக்கு எதுக்குயா கோவம் வருது? செஞ்சது அவன்தான?"

தேசப்பன் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவள் போனதும் அந்தப் பெட்டியைத் தோணிக்கு அடியில் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றை ஆரம்பித்தான். அது முடிந்த அன்றைக்குச் சரியாக ராஜவேலு வந்தான். செங்கல்வராயன் பெட்டியின் மூடியில் மீன் உருவம் வெட்டியிருக்கிறானாம். தேசப்பன் அதையும் தள்ளிவிட்டு, மூடியில் நண்டு வெட்டினான். அடுத்த தடவை செங்கல்வராயனும் நண்டு வெட்டி அதற்குக் காலும் வைத்துவிட்டானாம். ராஜவேலு ஒவ்வொரு முறையும் ஒரு சேதியும் ஒரு கட்டுக் காகிதமுமாக வந்தான். தேசப்பன் உருண்டு புரண்டு உழைத்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் இப்படி வேலை செய்ததில்லை.

தோணிக்கு அடியில் தள்ளிய பெட்டிகள் மறுநாள் பார்த்தால் காணாமல் போயிருக்கும். பக்கத்து வீட்டு எல்லம்மாவின் ஆடு அங்கேயேதான் மேய்ந்துகொண்டிருக்கும். பசை ருசிக்குத் தின்கிறது போலும். சாட்சியை அழித்துக் கொடுக்கும் ஆட்டின் மேல் தேசப்பனுக்குத் தனிப் பாசமே வந்துவிட்டது. தினம் ஒரு பிடி தழை பறித்துப் போட்டான்.

கிறிஸ்துமஸ் காலை வந்தது. லோகநாயகி விடியும்போதே நண்டுக் கூடையோடு ஊர் ஓடத்தில் கோட்டைச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். வாடிக்கைதான். நல்லதாய்ப் போயிற்று என்று தேசப்பன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, இருக்கிற பெட்டிகளிலேயே அழகான பெட்டியைத் துண்டில் சுற்றித் தோணியில் வைத்தான். நீலப் பெட்டி. மூடியில் காலும் கொடுக்குமாக நண்டு. அவனைக் கேட்டால் அதற்கு உயிரே இருந்தது.

துறையில் செங்கல்வராயன் மீன் கூடை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, உன் பெட்டி எங்கடா?" என்றான் தேசப்பன் எகத்தாளமாக.

"இன்னா பெட்டி?" என்றான் செங்கல்வராயன்.

பொறாமையில் மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டு தேசப்பன் உள்ளே போனான்.

கோட்டைக் கூடத்தில் ஒரே சத்தம். மெழுகுவத்தி, பூ, பிள்ளைகளின் ஓட்டம். நடுவில் கோட்டைத் தலைவரான கப்பித்தானும் அவர் பெண்டாட்டி துரைசானியும். துரைசானிக்குத் தமிழ் பாதி வரும், மீதிக்குக் கை ஆட்டுவாள். தேசப்பன் தரை தொடக் கும்பிட்டுப் பெட்டியை நீட்டினான். அவள் முகம் மலர்ந்தது. கயிற்றை இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள். முடிச்சு இன்னும் இறுகியது. ஏரி இறாலும் கடல் மீனும் சேர்ந்து இழுத்தாலும் அவிழாத முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகுவதற்கென்றே போடுவது.

கப்பித்தான் வாங்கி இழுத்தார். அவர் முகம் சிவந்தது, முடிச்சு அசையவில்லை. அந்த நேரத்தில்தான் தேசப்பனுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை. மூடி, மூலை, நண்டு, நண்டுக்குக் கால் என்று ஓடிய ஓட்டத்தில் உள்ளே பரிசு என்று ஒன்று வைக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டான். பண்டிகை நாளில் கப்பித்தானுக்கு வெறும் பெட்டி! அதுவரை அவிழ மாட்டேன் என்கிறதே என்று முடிச்சைத் திட்டிக்கொண்டிருந்தவன், இப்போது அவிழ்ந்துவிடாதே தாயே என்று அதையே கும்பிட ஆரம்பித்தான்.

கப்பித்தான் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"இருங்க தொரை. கத்தி வேணாம்."

சமையல்கட்டு வாசலில் லோகநாயகி நின்றுகொண்டிருந்தாள். அவள் வந்து பெட்டியை வாங்கி, எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, முடிச்சின் காதைப் பின்னுக்குத் தள்ளித் தளர்த்தினாள். கை என்னவோ செய்தது. பிறகு வேறொரு முடிச்சுப் போட்டுத் துரைசானியிடம் கொடுத்தாள். நண்டின் கொடுக்கைக் கட்டுகிற முடிச்சு. நண்டு எவ்வளவு முண்டினாலும் அவிழாது. நுனியைத் தொட்டு ஒரு சுண்டு சுண்டினால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

துரைசானி சுண்டினாள். மூடி திறந்தது. உள்ளே சின்னதாக ஒரு வெள்ளைச் சங்கு.

தேசப்பன் அந்தச் சங்கைப் பார்த்தான். கல்யாணமான புதிதில் கடற்கரையில் பொறுக்கி அவனே அவளுக்குக் கொடுத்தது. இத்தனை வருஷம் அவள் முந்தானை முடிப்பில் இருந்திருக்கிறது. அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. துரைசானி கைதட்டினாள். பிள்ளைகள் கூடத்தின் கோடியில் இருந்த மேசையிலிருந்து ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

நீலப் பெட்டிகள். மூடி தூக்கியது, மூலை கோணியது, மூடியில் ஒன்றுமே வெட்டாதது, காலில்லாத நண்டு போட்டது. எல்லாம் நான்கு சிம்பு நீளம், மூன்று சிம்பு அகலம். எல்லாவற்றிலும் நண்டு முடிச்சு. சுண்டிய பெட்டியிலெல்லாம் மிட்டாய்.

ஆடு ஒன்றையும் தின்னவில்லை.

"இவ்ளோ பெட்டி... நல்ல கை!" என்றாள் துரைசானி, தேசப்பனின் கையைத் தொட்டுக் காட்டி. "லோக்கநாய்க்கி சொன்னது. புருஷன் கை, தங்கம்!"

லோகநாயகி அவனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"பசங்களுக்கு மிட்டாய் போட்டுக் குடுக்கப் பெட்டி வோணும்னு ஐப்பசியிலியே கேட்டாங்க. நான் ஒத்துக்கினேன்."

"அத்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பியா?"

தேசப்பன் நேர்மையாக யோசித்தான். ‘ஆம்பள செய்ற வேலையா இது’ என்றுதான் சொல்லியிருப்பான்.

"பெட்டிக்குப் பதிலா நான் இன்னா கேட்டேன் தெரியுமா? மதிலடித் தண்ணி. கோட்டை மதிலுக்குக் கீய யாரையும் வலை போட வுட மாட்டாங்கல்ல? இறால் அங்க கொட்டிக் கெடக்குது. இனிமே நம்பளுக்கு. நீ முகத்துவாரத்துக்குப் போக வேணாம்." அவள் குரல் தணிந்தது. "அன்னிக்கு உன் துணியப் பிழிஞ்சப்போ முகத்துவாரத்து மண்ணு கொட்டிச்சுயா. அலைய ஊதித் தள்ளினியாம், ஊதி."

தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெல்லக் கேட்டான்: "அந்தச் சங்க ஏன் குடுத்த?"

"தினம் நீயே கண்ணெதிர இருப்ப. சங்கு எதுக்கு?"

அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்போ... சட்டை?"

"சட்டை நெஜம்தான். மதிலடியில கண்டவனும் வலை போடாம காவக்காரன் பாக்கணும்ல? நம்ப ஆளுன்னு தூரத்துலியே தெரியறதுக்குச் சிவப்புச் சட்டை."

"உக்கார்ற வேலை? குடை?"

"அது ராஜவேலு சேத்துக்கினது."

தை பிறந்தது. மதிலடித் தண்ணீரில் தேசப்பனின் தோணி தினமும் நின்றது. சிவப்புச் சட்டை, பித்தளைப் பொத்தான், இடுப்பு வரை சேறு. பின் பலகையில் லோகநாயகி உட்கார்ந்து அவன் வலை இழுப்பதைப் பார்த்தாள். அந்தச் சட்டைக்காரர் உட்கார்ந்து செய்த வேலையை இப்போது அவள் செய்தாள். ஆனால் இறால் கூடை கூடையாக ஏறியது. வாடை வீசினாலும் தேசப்பன் சாக்குத் தேடவில்லை. ராத்திரிகளில் நன்றாகத் தூங்கினான். இனி எவன் வந்து எந்த ரகசியம் சொன்னாலும் ஏமாறுவதில்லை என்று சபதமும் எடுத்துக்கொண்டான்.

மாசி மாதத்தில் ராஜவேலு வந்தான். கையில் ஒரு கட்டு வெள்ளைக் காகிதம்.

"மாமா, ஒரு ரகசியம். கப்பித்தானுக்குப் பொறந்தநாளு வருதாம். விளக்குக்குக் காகிதக் கூண்டு யாரு சோக்கா செய்றாங்களோ, அவங்களுக்குத் தொப்பி. இறகு வெச்ச தொப்பி மாமா!"

தேசப்பன் எழுந்து நின்றான். ராஜவேலுவைக் கண் கொட்டாமல் பார்த்தான். இந்தத் தடவை அவன் ஏமாறப் போவதில்லை. குரலைத் தாழ்த்திக் கறாராகச் சொன்னான்:

"உங்க அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது."

அடுப்படியிலிருந்து புளியங்கொட்டை வறுபடும் வாசனை வந்தது.