சிரித்த முகம் குறித்த அறிக்கை

ஓட்டல் சப்ளையர்களுக்கு நியாயமான சம்பளம் கிடைக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. எனக்கு இருப்பது ஒரே கருத்துதான். அதைப் பதினோரு வருஷமாக, தினமும் மதியம், ஒரே ஓட்டலின் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து உரக்கச் சொல்லி வருகிறேன்.

எனக்குப் பரிமாறும் சப்ளையர் அதைப் பொறுமையாகக் கேட்பார். அந்த ஓட்டலின் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீன்களுக்கு ஆகும் தீனிச் செலவைவிட அவர் சம்பளம் சற்றுக் குறைவு. மிச்சத்தை வாடிக்கையாளர்கள் டிப்ஸாகக் கொடுத்துவிடுவார்கள் என்பது முதலாளியின் அசைக்க முடியாத நம்பிக்கை.

இப்போது அவருக்கு ஒரு நெருக்கடி. குடியிருக்கும் வீட்டின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க, வீட்டுக்காரர் சம்பளச் சான்றிதழ் கேட்கிறார். வாடகைக்குத் தகுந்த சம்பளம் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாதக் கடைசியில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் தெருவில் நிற்க வேண்டியதுதான். வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சப்ளையர் சம்பளத்தை உயர்த்தித் தரக் கேட்டு அரசாங்கத்துக்கு மனுப் போட்டார். அரசாங்கமும் பெருங்கருணையுடன் நியாய ஊதிய ஆய்வுக் குழுவை, சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு, நேரில் அனுப்பி வைத்தது.

குழு என்றால் இரண்டு பேர். தலைவர் பேசுவார், செயலாளர் எழுதுவார். என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார்கள். சப்ளையர் சூப்பை வைத்துவிட்டு வழக்கம்போலச் சிரித்தார்.

"எழுதுங்க," என்றார் தலைவர். "மனுதாரர் சிரித்த முகத்துடன் காணப்பட்டார். ஆகவே குறை ஏதும் இல்லை. சம்பளம் போதுமானது."

சப்ளையர் பதறிப்போனார். "ஐயா, சிரிக்கலைன்னா டிப்ஸ் வராதுங்க. அதுக்காகத்தான் சிரிக்கிறேன்."

"அப்போ அது நிஜச் சிரிப்பு இல்லையா?"

"இல்லைங்க."

"அதை அடிச்சிட்டு எழுதுங்க. மனுதாரர் போலிச் சிரிப்பைப் புழக்கத்தில் விட்டு வருவதை ஒப்புக்கொண்டார்."

அடுத்து வறுத்த கோழி வந்தது. சப்ளையர் இந்தத் தடவை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார்.

"சேவையில் சிடுசிடுப்பு. இதுக்கு இப்ப வாங்குற சம்பளமே ஜாஸ்தி. எழுதிட்டீங்களா?"

ஐஸ்கிரீம் வந்தபோது மனுஷன் உதட்டின் ஒரு ஓரத்தை மட்டும் உயர்த்தி, மறு ஓரத்தை அப்படியே விட்டுவிட்டார். தலைவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இது எந்தப் பிரிவுலயும் வரலையே?"

"முகவாதம்னு போட்டுடலாமா ஐயா?" என்றார் செயலாளர்.

"போடுங்க. மருத்துவச் சான்று வரும்வரை மனு நிறுத்தி வைக்கப்படுகிறது."

"ஐயா, மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. எனக்கு ரெண்டும் பொண்ணுங்க..."

தலைவருக்கே மனம் இளகிவிட்டது.

"உங்க கஷ்டம் புரியுதுப்பா. அதனாலதான் டிப்ஸ் வைக்காமப் போறோம். வச்சா, சாட்சிக்குக் காசு கொடுத்த மாதிரி ஆயிடும். உங்க மனுவுக்குத்தான் ஆபத்து."

சாப்பிட்டதற்கு முதலாளி பில் போடவில்லை. அது உபசாரமாம், அதற்குத் தனி விதி இருக்கிறதாம்.

அவர்கள் போனதும் நான் சப்ளையரை அழைத்து, அதிகாரிகளையும் முதலாளியையும் அரைமணி நேரம் கிழி கிழி என்று கிழித்தேன். "ஒருத்தனோட கூலி இன்னொருத்தனோட இரக்கத்தை நம்பி இருக்கலாமா? டிப்ஸ்ங்கிறதே மனுஷனுக்கு அவமானம்!" அவர் நின்றபடியே கேட்டார். மூன்று மேஜைகளில் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மீதிச் சில்லறை தட்டில் வந்தது. நான் கொள்கைக்காரன். டிப்ஸ் வைத்தால் முதலாளி சம்பளத்தை உயர்த்தவே மாட்டான். பதினோரு வருஷத்தில் ஒரு நாணயம் வைத்ததில்லை. சில்லறையைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "விடாதீங்க, போராடுங்க. நான் உங்க பக்கம்," என்றேன்.

சப்ளையர் தயங்கினார். "அப்போ வீடு, சார்? அடுத்த மாசமும் நாங்க இருந்துக்கலாமா?"

"அது எப்படிப்பா? சம்பளச் சான்றிதழ் கொண்டு வாங்க, ஒப்பந்தம் போட்டுடறேன். டிப்ஸை நம்பி நான் வீட்டை வாடகைக்கு விட முடியுமா? இந்தக் காலத்துல எவன் வைக்கிறான்?"

சப்ளையர் சிரித்தார். டிப்ஸுக்காக இருக்காது. நான் வைக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.