மனிதர் காலடி படாத புங்கம்மேடு

உலகம் கண்ட மகத்தான யாத்திரைப் புகைப்படக் கலைஞர்கள் மூவர். மற்ற இருவரின் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. எனக்கு 'உத்வேகம்' எங்கிருந்து வந்தது, 'சவால்களை' எப்படி முறியடித்தேன் என்று பேச வாலிபர் சங்கங்கள் அடிக்கடி என்னை அழைக்கின்றன. மாலை போடுகிறார்கள், சோடா கொடுக்கிறார்கள். அங்கெல்லாம் நேரமின்மையால் சொல்லாமல் விட்ட ஒரு சிறு விவரத்தை இங்கே பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

1967-ல் 'அகில பாரத ஊர்சுற்றுப் படக் கழகம்' ஒரு போட்டி அறிவித்தது. கழகத்தில் உறுப்பினர்கள் பதினொருவர். அவர்களில் ஊர் சுற்றியவன் நான் ஒருவன்தான். தலைப்பு, 'மாசுபடாத இயற்கை'. நான்காவது விதி: 'படத்தில் மனிதரோ, மனிதர் வாழும் அடையாளமோ காணப்படலாகாது.' அடடா, எப்பேர்ப்பட்ட விதி! எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே குழாய் உள்ள வீட்டில் வசித்த எங்கள் தலைவரைத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும்?

இரண்டு ஃபிலிம் ரோலுடன் ரயிலேறினேன். அந்தக் காலத்தில் ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஒன்று போட்டிக்கு. மற்றது பழவேற்காட்டுப் பூநாரைகளுக்கு.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி, நாஷ்டா முடித்து, கிழக்கே இரண்டு மைல் நடந்தேன். புங்கம்மேடு தெரிந்தது. ஒரு குட்டை, அதைச் சுற்றிப் புங்க மரங்கள், அப்பால் வானம். உடம்பெல்லாம் புல்லரித்தது. இதைத்தான் 'உத்வேகம்' என்பார்கள். நாஷ்டாவும் காரணமாக இருக்கலாம்.

உடனேயே 'சவால்' வந்தது. மாசுபடாத அந்த இயற்கையின் நட்டநடுவில் பத்தொன்பது குடிசைகளும் அறுபத்துமூன்று மனிதர்களும் இருந்தார்கள். சுற்று வட்டார வயல்களில் கூலி வேலை செய்பவர்கள். அவர்களுக்குப் பெரியதனம் செய்த தேசப்பன் ஓடி வந்தார்.

"இன்னா சார், படம் புடிக்கிறியா? இரு, எல்லாரையும் இட்டுகினு வர்றேன்."

"கூப்பிடுங்கள். கூப்பிட்டு, எனக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்லுங்கள்."

"ஏன் சார், நாங்க வேணாவா?"

"இது இயற்கைப் படம்."

"இயற்கைன்னா?"

"கடவுள் படைத்தது."

"அப்ப எங்கள யாரு சார் படைச்சது? தாசில்தாரா?"

கலைஞன் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அசரக் கூடாது. நான்காவது விதியை எடுத்துச் சொன்னேன். விருந்தாளி கேட்டதை மறுக்கும் வழக்கம் அந்த மேட்டில் இல்லை. கொடியில் காய்ந்த துணிகள் மறைந்தன. வரட்டி அடுக்கு மறைந்தது. ஆடுகளைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் என் முதுகுப்பக்கம் உட்கார்ந்தார்கள். நான் குட்டையை ஒட்டிப் போய் நின்றதும் பதினெட்டுக் குடிசைகளும் காமிராவுக்குப் பின்னால் வந்துவிட்டன. குட்டைக் கரையில் இருந்த குப்பம்மாளின் குடிசை மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் நகர்த்த முடியுமா?" என்று கேட்டேன்.

"ஊடு சார் அது, கட்டிலா?" என்றாள் குப்பம்மாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "சரி வுடு, தழை போட்டு மூடிக்கலாம்."

அரை மணி நேரத்தில் அவள் வீடு அருமையான புதராகிவிட்டது. இன்னொருத்தி துடைப்பத்தால் குட்டைக் கரையின் காலடித் தடங்களைப் பெருக்கித் தள்ளினாள். தேசப்பன் எனக்குப் பக்கத்தில் நின்று குடை பிடித்தார். பதினொரு படங்களில் ஒரே ஆடு வந்து விழுந்தது. பன்னிரண்டாவதில் இயற்கை தன்னந்தனியாகக் கிடைத்தது. குடையோடு தேசப்பன் பார்த்துக்கொண்டிருக்க, ரோலைக் கழற்றி, காகிதப் பட்டையை நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டி, பெட்டியில் பத்திரப்படுத்தினேன்.

திரும்பிப் பார்த்தால் அறுபத்துமூன்று பேரும் தலை வாரி, வெளுத்த துணி உடுத்தி, மூன்று வரிசையாக நிற்கிறார்கள்.

"எங்களையும் ஒண்ணு புடிச்சிடு சார்," என்றாள் குப்பம்மாள். "எங்க மேட்ல ஒருத்தருக்கும் படமே இல்ல."

என்ன ஒரு தர்மசங்கடம்! காமிராவில் ஃபிலிம் இல்லை. பெட்டியில் இருந்ததோ பூநாரைகளின் சொத்து. இத்தகைய வேளைக்கென்றே எங்கள் தொழிலில் 'சும்மா க்ளிக்' என்று ஓர் உயரிய முறை உண்டு. காலிக் காமிராவை நீட்டி, 'ரெடி' சொல்லி, விசையை அமுக்குவது. ஃபிலிம் செலவில்லை, எதிரே நிற்பவருக்கு சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை.

"சிரிங்க!" என்றேன். சிரித்தார்கள். டக். அவ்வளவு அழகான படம் என் வாழ்க்கையில் நான் எடுத்ததில்லை. அதையும் எடுக்கவில்லை.

"பிரிண்ட் வரும்," என்று சொல்லிவிட்டு, அவர்கள் துண்டில் முடிந்து கொடுத்த வேர்க்கடலையைக் கொறித்தபடி பழவேற்காடு போனேன். பூநாரைகள் பன்னிரண்டு முறையும் எனக்கு முதுகைக் காட்டின. ஆனாலும் அவை அங்கே இருந்ததற்கு இன்றும் என்னிடம் ஆதாரம் உண்டு.

'மனிதர் காலடி படாத பூமி' முதல் பரிசு பெற்றது. ஒரு காலண்டரில் அச்சாகி ஆபீஸ் சுவர்களிலெல்லாம் தொங்கியது. தொழிற்சாலைக்கு இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்காரரின் சுவரிலும் தொங்கியது. 1970-ல் ஒரு கோப்பு பிறந்தது. 'புங்கம்மேடு: ஆளற்ற தரிசு. ஆதாரம்: பரிசு பெற்ற புகைப்படம்.' கலை ஒரு நாட்டின் வளர்ச்சிக்கு இதைவிட எப்படி உதவ முடியும்?

மேட்டிலிருந்து ஆட்சேபணை மனு வந்ததால் விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரி அரசப்பன். என்னைச் சாட்சியாக அழைத்து நாற்காலி கொடுத்தார்கள். அறுபத்துமூன்று பேரும் கால்நடையாக வந்திருந்தார்கள். ஒரு முகத்திலும் கவலை இல்லை. சாட்சி 'நம்ம சார்' அல்லவா!

குப்பம்மாள் படத்தில் விரலை வைத்தாள். "இதோ, இந்தப் பொதருதான் சார் என் ஊடு!"

அரசப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அம்மா, நீங்கள் புதரில் குடியிருந்தீர்களா?"

"பொதரு இல்ல சார், ஊடு. தழை போட்டு மூடிகினோம்."

"எதற்காக?"

"ஊடு தெரியக் கூடாதுன்னுதான்."

'மனுதாரர் புதரில் வசித்ததாகவும், அதை மறைத்ததாகவும் ஒப்புக்கொள்கிறார்' என்று எழுதிக்கொண்டார். அவ்வளவு நியாயமான அதிகாரி.

தேசப்பன் முன்னால் வந்தார். "இன்னாத்துக்கு சார் பேஜாரு? அன்னிக்கு எங்க எல்லாரையும் நிக்க வச்சு ஒண்ணு புடிச்சாரு. அதக் காட்டச் சொல்லு. முடிஞ்சிது."

அரசப்பன் என் பக்கம் திரும்பினார். "அப்படி ஒரு படம் இருந்தால் இந்தக் கோப்பை இப்போதே மூடிவிடுவேன். இருக்கிறதா?"

வாயைத் திறந்து, 'படம் இல்லை, ஆனால் மனிதர்கள் இருந்தார்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நான்காவது விதி என்னாவது? பரிசு என்னாவது? அடுத்த மாதம் கழகத் தலைவர் தேர்தலுக்கு வேறு நான் நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. அதையும் ஒரு 'சவாலாகவே' எடுத்துக்கொண்டேன்.

"அந்தப் படம் சரியாக விழவில்லை," என்றேன்.

"அன்று அங்கே ஆட்கள் இருந்தார்களா?"

"கலைஞன் லென்ஸ் வழியாக மட்டுமே பார்க்கிறான்."

'சாட்சி எவரையும் பார்க்கவில்லை' என்று எழுதி, கோப்பை வேறு மாதிரி மூடினார்.

வெளியே வந்ததும் குப்பம்மாள் எனக்கு ஆறுதல் சொன்னாள். "வுடு சார், படம் வுழாததுக்கு நீ இன்னா பண்ணுவ, பாவம்." தேசப்பன் என் காமிராப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

1974-ல் தொழிற்சாலையின் ஆண்டு விழா. 'இம்மண்ணை உலகுக்குக் காட்டிய' எனக்குப் பொன்னாடை என்று அழைப்பு. குட்டை இருந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு. ரயில் பாதைக்கு அப்பால் குடியேறிய மேட்டுக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் வேலை பார்த்தார்கள். குப்பம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். கேட்டில் காக்கிச் சட்டையுடன் தேசப்பன்.

"வா சார், நல்லாகீறியா? போட்டோ பாஸ் வச்சிருக்கியா?"

"இல்லையே. தேசப்பா, என்னைத் தெரியவில்லையா?"

"நல்லாத் தெரியுது சார். ஆனா போட்டோ இல்லன்னா ஆளே இல்லன்னு இங்க ரூலு. எதுர்ல நின்னாலும் கணக்கு இல்ல."

எவ்வளவு நேர்மையான ஊழியர்! உள்ளே மேடையில் என் பெயரை மைக்கில் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "எப்படியாவது விடப்பா," என்று கெஞ்சினேன்.

"அதுக்கின்னா, ஒண்ணு புடிச்சிட்டாப் போவுது," என்றார் தேசப்பன். இரு கைவிரல்களையும் சதுரமாகக் கோத்து ஒரு கண்ணை மூடினார். குப்பம்மாள் துடைப்பத்தோடு வந்து வேடிக்கை பார்த்தாள்.

"சிரி சார்."

சிரித்தேன்.

நாக்கால் 'டக்' என்றார். பிறகு கற்பனைச் சுருள் ஒன்றைக் கழற்றி, பட்டையை நாக்கில் தடவி ஒட்டி, பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குப்பம்மாள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடிசையை மூடிய அந்த நாளும் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பிரிண்ட் வரும்," என்றார் தேசப்பன். "போய்க்கினே இரு சார்."

என்னை எத்தனையோ பேர் படம் பிடித்திருக்கிறார்கள். நான் இருக்கிறபடியே விழுந்தது அதில் மட்டும்தான்.